ஐம்பது மீட்டருக்கு அப்புறம்?

கேள்வி: என் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். எங்கள் கிணற்றில் நீச்சல் பழகியவன், இப்போது வேலூர் போய்ப் பயிற்சி எடுக்கிறான். 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் மாவட்டத்தில் முதல். "இருபத்தைந்து வயசோடு முடிகிற ஆட்டம், அப்புறம் சோத்துக்கு என்ன வழி?" என்கிறார் என் மச்சான். என்ன பதில் சொல்ல?
– ஒரு தகப்பன், பள்ளிகொண்டா

பதில்: மச்சான் கேட்டதில் தப்பில்லை ஐயா, வயசுக் கணக்குதான் இடிக்கிறது. அமெரிக்காவின் ஆந்தனி எர்வின் 2000 சிட்னி ஒலிம்பிக்கில் இதே 50 மீட்டரில் தங்கம் வாங்கியவர். கேரி ஹால் ஜூனியரும் அவரும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட்டதால் இருவருக்குமே தங்கம். எர்வின் 22 வயசில் போதும் என்று விலகிவிட்டார். அப்புறம் ராக் இசைக்குழு, கை நிறையப் பச்சை குத்தல். நாகப்பட்டினத்தை வாரிக்கொண்டு போன சுனாமி வந்தபோது, பதக்கத்தை ஈபேயில் ஏலம் விட்டுப் பணத்தை நிவாரணத்துக்குக் கொடுத்தார். நியூயார்க்கில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கப் போய்த்தான் தண்ணீர் ஆசை திரும்பியது. 2016 ரியோவில், 35 வயசில், 21.40 விநாடியில் மறுபடி தங்கம்!

அதெல்லாம் அமெரிக்காவில் என்பார் மச்சான். சரி, கோலாப்பூர் வீர்தவல் காடேவைப் பார்ப்போம். 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் 50 மீட்டர் பட்டர்ஃபிளையில் வெண்கலம். மகாராஷ்டிர அரசு தாசில்தார் வேலை கொடுத்தது. அந்த வேலையே நீச்சலைச் சில வருஷம் விழுங்கியது. திரும்பி வந்து 2018 ஜகார்த்தாவில் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் நான்காவது. வெண்கலம் போனது 0.01 விநாடியில். தாசில்தார் நாற்காலி என்றால் நம்மூரில் லேசுப்பட்டதா என்ன? ஆனாலும் எனக்கு அந்த 0.01தான் உறுத்துகிறது.

மாவட்டக் கோப்பை அலமாரிக்கு அழகு. வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் பெரும்பாலும் கேட்பது மாநில, தேசிய அளவிலான சான்றிதழ். அதனால் அவன் நேரம் இன்னும் குறைய வேண்டும். குளத்தங்கரையில் விசிலோடு நிற்கிற எனக்குத் தெரிந்த வரை, கிணற்றுப் பிள்ளைகள் தலையைத் தூக்கிக்கொண்டே நீந்துவார்கள். தலை ஏறினால் இடுப்பு இறங்கும், இடுப்பு இறங்கினால் நேரம் போச்சு. குளத்தின் தரையைப் பார்த்துக்கொண்டு போகட்டும். 50 மீட்டருக்கு ஒன்றிரண்டு மூச்சு போதும்.

பிளஸ் டூவை மட்டும் விட்டுவிடக் கூடாது. பரீட்சை மாதத்தில் பயிற்சியைப் பாதியாக்கினால் ஒன்றும் குடிமுழுகாது. இன்னொன்று: என்றைக்காவது அவன் நிறுத்தினால், கை நிற்குமே தவிர எட்டு இட்லி கேட்டுப் பழகிய வயிறு நிற்காது. அதை மெதுவாகத்தான் குறைக்க வேண்டும், அம்மாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.