பல டிஜிட்டல் தொழில்நுட்பங்கள் ஒன்றாக இணையும்போது அரசின் கொள்கை ஏன் மாற வேண்டும்?

ரேஷன் கடை வரிசையில் நின்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். ஒரு வயதான அம்மா கட்டைவிரலை முந்தானையில் துடைத்துத் துடைத்து மெஷினில் வைக்கிறார். காலமெல்லாம் களை பறித்துத் தேய்ந்த ரேகை, மெஷின் ஏற்கவில்லை. கடைக்காரருக்கு அவரை இருபது வருடமாகத் தெரியும். ஆனாலும் அரிசி போட முடியவில்லை.

முன்பு ரேஷன் கார்டு, வங்கிக் கணக்கு, போன் எல்லாம் தனித்தனி. ஒன்றில் கோளாறு என்றால் அதோடு போயிற்று. ஆதார் அவற்றைக் கோர்த்த பிறகு ஒரு விரல் தவறினால் அரிசி, முதியோர் பென்ஷன், கேஸ் மானியம் எல்லாமே சிக்கலாம். கண்காணிப்போ இன்னும் பிரிந்தே கிடக்கிறது: வங்கிக்கு ரிசர்வ் வங்கி, தொலைபேசிக்கு டிராய், ஆதாருக்குத் தனி ஆணையம். இணைப்பில் நடக்கும் தவறுக்கு யார் பொறுப்பு? எனக்கு இதுதான் முதல் கேள்வி.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். 2018 தீர்ப்பில் ஆதார் சட்டம் பெரும்பாலும் நிலைத்தது. ஆனால் சிம் கார்டுக்கும் வங்கிக் கணக்குக்கும் கட்டாயமில்லை என்றானது. 2023இல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் 17ஆம் பிரிவு, அரசு அமைப்புகளுக்கு விலக்கு தர மத்திய அரசை அனுமதிக்கிறது. இத்தனை பேருடைய ரேகையையும் வைத்திருப்பது அரசுதான். அதற்கே விலக்கு என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ரேகை விழாவிட்டால் கருவிழி, இல்லையென்றால் ஓடிபி, அதுவும் இல்லையென்றால் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அன்றைக்கே அரிசி போடும் அதிகாரம் கடைக்காரருக்கு இருக்க வேண்டும்.