குழந்தையின் கிருமியை ஜோகன்னஸ்பர்க்குக்கு அனுப்புவதால் யாருக்கு லாபம்?

மூளைக்காய்ச்சல் தணிந்து பிள்ளை வீட்டுக்கு வந்தாயிற்று, இனியும் கிருமியை ஜோகன்னஸ்பர்க்கிலுள்ள தேசிய ஆய்வகத்துக்கு அனுப்ப அவன் என்ன சோதனை எலியா என்று கேட்டிருக்கிறீர்கள். கோபம் நியாயம்தான். ஆனால் டர்பனில் இருந்துகொண்டு கேட்டதுதான் என்னைச் சீண்டியது. பெனிசிலினுக்கும் குளோராம்ஃபெனிகாலுக்கும் அடங்காத நிமோகாக்கஸ் என்ற மூளைக்காய்ச்சல் கிருமி 1977இல் இதே ஊர்க் குழந்தைகளிடம் கண்டறியப்பட்டு லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. உங்கள் மகனுக்கு வெறும் பெனிசிலின் போடாததன் காரணம் அங்கே தொடங்குகிறது.

நான் இங்கே ஓர் ஆய்வகத்தில் கிருமி வளர்த்தே சம்பளம் வாங்கியவள். ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு குழந்தையின் தண்டுவட நீரில் நிமோகாக்கஸ் வளர்ந்திருந்தது. பெனிசிலினுக்கு அடங்குமா என்று பார்க்க வைக்கும் ஆக்சசிலின் மருந்து வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வளையம் 20 மில்லிமீட்டரைத் தொடவில்லை. பெனிசிலினை நம்ப முடியாது. மருத்துவரை அழைத்துச் சொன்னேன். செஃப்ட்ரையாக்சோன் என்ற வேறு ஆன்டிபயாடிக் தொடர்ந்தது. சிகிச்சைக்கு அது போதும். ஆனால் ஜோகன்னஸ்பர்க் போகும் கூரியர் வண்டி போய்விட்டிருந்தது, இந்தக் கிருமியோ தட்டில் கிடந்தால் தன்னைத்தானே கரைத்துக்கொண்டு செத்துவிடும். மறுநாள் அண்ணன் மகன் காவடி எடுக்கும் நாள். ஆய்வகம் போய்ப் கிருமி வளர்க்கும் புதிய ரத்த அகார் தட்டில் அதை இழுத்து வைத்துவிட்டே கோயிலுக்குப் போனேன். அண்ணி இன்றும் சொல்லிக்காட்டுகிறார்.

ஜோகன்னஸ்பர்க்கில் எதிர்ச்சீரம், அதாவது கிருமியின் உறையில் ஒட்டும் எதிர்ப்பொருள் உள்ள நீர், கலந்து, கிருமியின் உறை வீங்குகிறதா என்று நுண்ணோக்கியில் பார்த்து வகை பிரிப்பார்கள். ஏறத்தாழ 100 வகைகள் உண்டு. 2009இல் ஏழு வகைகளுக்கும் 2011இல் 13 வகைகளுக்கும் தென்னாப்பிரிக்காவில் தடுப்பூசி வந்தது. இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களில் தடுப்பூசிக்கு முன் ஆண்டுக்கு லட்சத்தில் 54.8 பேருக்கு வந்த தீவிர நோய் 2012இல் 17 ஆக இறங்கியது. எச்.ஐ.வி. மருந்து பரவி எதிர்ப்புச் சக்தி கூடியதால்தான் குறைந்தது என்று யாராவது எழுதுவார்கள். அதற்கும் பங்குண்டு, மறுக்கவில்லை. ஆனால் பெரிதும் சரிந்தவை தடுப்பூசியில் உள்ள வகைகளே. வகை பிரிக்காமல் விட்டிருந்தால் இதை எதை வைத்துச் சொல்வது? தடுப்பூசி நிறுவனத்திடம் நான் ஒரு பேனாகூட வாங்கியதில்லை, அதையும் எழுதிவிடுகிறேன்.

இதையெல்லாம் கோயில் மண்டபத்தில் பேச இடம் கேட்டேன். குலுக்கல் பரிசு முடிந்து, எல்லோரும் பிரியாணிப் பானையைப் பார்த்து நடந்த பிறகு மைக்கைக் கொடுத்தார்கள். அந்தக் கமிட்டியில் ஒரு பெண்கூடக் கிடையாது.

கண்காணிப்புச் செவிலியர் வந்து ஒப்புதல் கேட்டால் கையெழுத்துப் போடுங்கள். தடுப்பூசி விவரமும் கேட்பார், பிள்ளையின் அட்டையை எடுத்து வையுங்கள். இந்தத் தடுப்பூசியின் ஒன்பதாம் மாத ஊசி விடுபட்டிருந்தால் அன்றே அதைப் பற்றிப் பேசிவிடலாம்.