மூன்றாவது ஸ்கேட்டர் எங்கே போச்சு?
வாசகர் கேள்வி – பதில்: போன் ஸ்லாட் ஆட்டங்கள்

பணம் கட்டாமல், காயின் வைத்து மட்டும் ஆடும் கேசினோ ஸ்லாட் ஆடுகிறேன். ஐந்து ரீல் (சுழலும் படப் பட்டை), 20 லைன் (ஒரே படங்கள் சேர்ந்தால் காயின் தரும் கோடு). ஸ்கேட்டர் என்ற போனஸ் படம் இரண்டு அடிக்கடி விழுகிறது. மூன்றாவது வந்தால்தான் ஃப்ரீ ஸ்பின் (காயின் கழியாத சுற்று). அது மட்டும் ஒரு கட்டம் தள்ளி நிற்கிறது. வேண்டுமென்றே செய்கிறார்களா?
– வாசகர், அஸ்தம்பட்டி

வேண்டுமென்று செய்யாவிட்டாலும் அப்படித்தான் தெரியும். ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு ரீலில் 30 படங்கள், அதில் ஸ்கேட்டர் ஒன்று, திரையில் தெரிவது மூன்று வரிசை என்று வைத்துக்கொள்வோம். ஒரு ரீலில் ஸ்கேட்டர் கண்ணில் பட வாய்ப்பு பத்தில் ஒன்று. ஐந்து ரீலையும் சேர்த்தால், சரியாக இரண்டு ஸ்கேட்டர் விழுவது சுமார் 14 ஸ்பின்னுக்கு ஒரு முறை. மூன்றோ அதற்கு மேலோ விழுவது சுமார் 117 ஸ்பின்னுக்கு ஒரு முறை. ஆக, ஒரு தடவை போனஸ் திறப்பதற்குள் எட்டு ஒன்பது தடவை 'இதோ வந்துருச்சு' என்று பதற வைத்துவிடும். அந்த நேரம் பார்த்து கடைசி ரீல்களை மெதுவாகச் சுற்றவிட்டு, மேளத்தையும் ஏற்றுவார்கள். முடிவு நீங்கள் பட்டனைத் தொட்ட நொடியிலேயே எண்ணாக வந்துவிட்டது. மிச்சமெல்லாம் படம் காட்டுவதுதான்.

117 ஸ்பின் ஆடினால் கட்டாயம் ஒன்று விழும் என்றும் எண்ண வேண்டாம். இதே கணக்கில் 117 ஸ்பின் ஆடுகிற நூறு பேரில் 37 பேருக்கு ஒன்றுகூட விழாது. 300 ஸ்பின் ஆடியும் ஏழெட்டுப் பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். முன்னால் விழாததற்காக அடுத்த ஸ்பின்னில் வாய்ப்பு அதிகமாகிவிடாது. நிஜ ஆட்டங்களில் ரீலின் நீளமும் ஸ்கேட்டர் எண்ணிக்கையும் ஆட்டத்துக்கு ஆட்டம் வேறு. ஒரே ஆட்டத்தில் ரீலுக்கு ரீலும் வேறுபடும். எந்தப் படத்துக்கு எவ்வளவு என்று காட்டும் பே டேபிளில் அந்த விவரம் பெரும்பாலும் இருக்காது.

வைல்டு (மற்ற படங்களுக்குப் பதிலாக நிற்கும் படம்) ஸ்கேட்டருக்கும் ஈடாகுமா? ஃப்ரீ ஸ்பின் வந்ததும் பெட்டை (ஸ்பின்னுக்கு வைக்கும் பந்தயத்தை) ஏற்றிக்கொள்ளலாமா?
– வாசகி, ஓமலூர்

பெரும்பாலான ஆட்டங்களில் ஈடாகாது. வைல்டு சாதாரணப் படங்களுக்குத்தான் பதிலி. லைன் வெற்றி பொதுவாக இடது ஓரத்து ரீலில் தொடங்கி அடுத்தடுத்து வர வேண்டும். ஸ்கேட்டருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, எங்கே விழுந்தாலும் எண்ணப்படும். ஃப்ரீ ஸ்பின் எந்த பெட்டில் திறந்ததோ அதே பெட்டில்தான் ஓடும், நடுவில் ஏற்ற முடியாது. அதற்காக முன்கூட்டியே பெட்டை ஏற்றி வைத்தால், போனஸ் வராத நூற்றுச் சொச்சம் ஸ்பின்னும் ஏற்றிய விலைக்குத்தான் ஓடும்.

ஜெயித்த பாட்டு ஓயாமல் கேட்கிறது. காயின் மட்டும் கரைகிறதே?
– வாசகர், அம்மாப்பேட்டை

லைனுக்கு 1 காயின் வீதம் 20 லைன் போட்டால் ஒரு ஸ்பின்னின் விலை 20 காயின். ஏதோ ஒரு லைனில் 8 காயின் விழுந்தால் திரை மின்னும், பாட்டு வரும். உண்மையில் 12 காயின் நஷ்டம். பெட்டுக்குக் குறைவாக விழுந்ததை இப்படிக் கொண்டாடக் கூடாது என்று பிரிட்டனில் 2021-இலேயே விதி கொண்டுவந்தார்கள். ஒலியை அணைத்துவிட்டு, 50 ஸ்பின்னுக்கு முன்னும் பின்னும் இருப்பைக் குறித்து வையுங்கள். 'வின்' என்று காட்டும் கட்டத்தைப் பார்க்கவே வேண்டாம்.

இரவு இரண்டு மணிக்கு ஆடினால் விழும், ஆட்டோ ஸ்பின் விட்டால் விழாது, கையால் நிறுத்தினால் விழும் என்று பட்டறையில் சொல்கிறார்களே?
– வாசகர், கொண்டலாம்பட்டி

மூன்றுமே சரியில்லை. நிறுத்தும் பட்டன் படத்தைச் சீக்கிரம் முடிக்கும், அவ்வளவுதான். அதனால் ஒரு மணி நேரத்தில் ஓடும் ஸ்பின் கூடும். காயினும் அதே வேகத்தில் தீரும்.

ஏற்காட்டிலிருந்து பஸ்ஸில் இறங்கும்போது, கொண்டை ஊசி வளைவில் சிக்னல் போய்விட்டது. பத்து ஃப்ரீ ஸ்பின்னில் நான்குதான் ஓடியிருந்தது. மீதி போனதா?
– கல்லூரி மாணவர், ஏற்காடு

இணையத்தோடு இணைந்து ஓடும் ஆட்டங்களில் கணக்கு சர்வரில்தான் இருக்கும். சிக்னல் வந்தபின் அதே ஆட்டத்தைத் திறந்தால் பெரும்பாலும் ஐந்தாவது ஸ்பின்னிலிருந்து தொடரும். சிலவற்றில் மீதியைத் தானே ஓட்டி முடித்து, தொகையை இருப்பில் சேர்த்துவிடும். முதலில் ஹிஸ்டரி பகுதியைப் பாருங்கள். அவசரப்பட்டு ஆப்பை அழித்துவிடாதீர்கள், டேட்டாவைத் துடைக்காதீர்கள். கணக்கு தொடங்காமல் 'கெஸ்ட்' என்று நுழைந்திருந்தால் மொத்த இருப்பும் அதோடு போய்விடலாம்.

காயின் ஆட்டத்தில் நன்றாக விழுகிறது. ஒரு தளம் ₹1,000 கட்டினால் ₹1,000 போனஸ், 35 மடங்கு ஆடிய பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. நம்பலாமா?
– வாசகர், ஆத்தூர்

வேண்டாம். காயின் ஆட்டத்தில் விழுகிற அளவுக்குக் காசு ஆட்டத்திலும் விழும் என்று எடுத்துக்கொள்ளவே முடியாது.

போனஸின் 35 மடங்கு என்றால் ₹35,000-க்கு ஸ்பின் ஓட்ட வேண்டும். ஆர்டிபி (பந்தயத்தில் சராசரியாகத் திரும்பி வரும் பங்கு) 96% என்று போட்டிருக்கும் ஆட்டத்தில் சராசரியாக 4%, அதாவது ₹1,400 கழியும். கிடைத்த போனஸே ₹1,000-தான். சில இடங்களில் கட்டிய பணத்தையும் சேர்த்து 35 மடங்கு கேட்பார்கள். அப்போது ₹70,000 ஓட்டணும், கழிவு ₹2,800. கையிலிருக்கும் ₹2,000 பாதியிலேயே முடிந்துவிடலாம். ஃப்ரீ ஸ்பின், வெற்றியைப் பெருக்கும் மல்டிப்ளையர், பெட்டி திறக்கும் ஆட்டம் எல்லாமே அந்த 96-க்குள் அடக்கம், தனியாக ஒன்றும் மேலே வராது. ஒரே ஆட்டத்தை 96, 94 என்று வெவ்வேறு ஆர்டிபியில் தளங்களுக்குக் கொடுக்கும் வழக்கமும் உண்டு.

தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டு சட்டப்படி காசு வைத்து அதிர்ஷ்ட ஆட்டம் ஆடுபவருக்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது ₹5,000 வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடைசெய்யும் மத்திய சட்டத்துக்கும் 2025 ஆகஸ்ட் 22-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார்.

சட்டத்தை மீறி இயங்கும் தளங்களில் அடுத்த வில்லங்கம், பணத்தை எடுக்கும்போது வரும். 'வரி கட்டினால்தான் விடுவிப்போம்' என்று மேலும் கேட்டால் கட்டாதீர்கள். கட்டி ஏமாந்திருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள். யூபிஐ பரிவர்த்தனை எண், பணம் போன கணக்கு, உரையாடல் ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். தாமதமானால் பணம் அடுத்தடுத்த கணக்குக்கு மாறிவிடும், முடக்குவது கடினம்.

எட்டாவது படிக்கும் பையன் என் போனில் காயின் பேக் வாங்கிவிட்டான். இனி நடக்காமல் எப்படித் தடுப்பது?
– வாசகி, சூரமங்கலம்

முதலில் போன பணம். பிளே ஸ்டோர் வழியாக வாங்கியிருந்தால் 48 மணி நேரத்துக்குள் ரீஃபண்ட் கேளுங்கள். கிடைத்தே தீரும் என்று சொல்ல முடியாது, ஆனால் தள்ளிப்போட்டால் வாய்ப்பு குறையும். பிறகு பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, செட்டிங்ஸுக்குள் போய், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் சரிபார்க்கும்படி வையுங்கள். பையனின் விரல்ரேகை அந்த போனில் பதிவாகியிருந்தால் நீக்கிவிடுங்கள், இல்லையென்றால் இந்தப் பூட்டால் பயனில்லை. பேமென்ட் மெத்தட்ஸில் ஏறியிருக்கும் கார்டையும் யூபிஐயையும் எடுத்துவிடலாம். கடைசியாக, உங்கள் யூபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதியைத் திறந்து பாருங்கள். வாராவாரம் பணம் எடுக்க ஏதாவது அனுமதி அங்கே இருந்தால் ரத்து செய்யுங்கள். ஆப்பை அழித்தால் மட்டும் அது நிற்காது.