பொறியியல் கலந்தாய்வில் விருப்பப் பட்டியலை எப்படி வரிசைப்படுத்துவது?

கட்-ஆஃப் (சேர்க்கைக்கான 200-க்குக் கணக்கிடும் மதிப்பெண்) 178 உள்ளவர், கிடைக்கக்கூடிய கல்லூரியை முதலில் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் உங்கள் தரவரிசை வரும்போது, கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்து, முதலில் காலியாக இருக்கும் இடத்தை ஒதுக்கிவிடும். அதற்குக் கீழே இருப்பவற்றைப் பார்க்காது. ஆகவே கிடைக்காது என்று தோன்றினாலும் பிடித்ததையே மேலே வையுங்கள். கிடைக்காவிட்டால் எந்த இழப்பும் இல்லை.

178 என்பது, உதாரணமாக, கணிதம் 92, இயற்பியல் 84, வேதியியல் 88 என்ற மதிப்பெண்ணில் வரும்: 92 + 42 + 44. கணிதம் முழுதாகவும் மற்ற இரண்டும் பாதியாகவும் சேர்ந்து 200-க்குக் கணக்கு. சென்ற ஆண்டு உங்கள் சாதிப் பிரிவில் (பிசி, எம்பிசி போன்றவை) ஒவ்வொரு இடமும் எந்தக் கட்-ஆஃபில் முடிந்தது என்று பாருங்கள். ஒரே கல்லூரியின் மெக்கானிக்கலும் இசிஇயும் (மின்னணு, தொடர்பியல்) தனித்தனி விருப்பங்கள். 185-இல் முடிந்தவை முதல் 165-இல் முடிந்தவை வரை சேர்த்து, பிடித்த வரிசையில் வையுங்கள். பத்தே பத்து போட்டுவிட்டு, ஒன்றும் கிடைக்காமல் அடுத்த சுற்றில் மிச்சத்துக்குக் காத்திருப்பது வேதனையான நிலை. சேர மனமில்லாத கல்லூரியை மட்டும் எண்ணிக்கைக்காகச் சேர்க்காதீர்கள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் கெடுவுக்குள் உறுதிசெய்யுங்கள். மறந்தால் இடம் போய்விடும். மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருக்க நினைத்தால், 'ஏற்று, மேல்நோக்கிக் காத்திருத்தல்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

குடும்பத்தில் முதல் பட்டதாரியா? அந்தச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள், கல்விக் கட்டணச் சலுகை அதை வைத்துத்தான்.