இங்கிலாந்தில் ரீடிங் பக்கம் ஒரு சின்னக் குடியிருப்பில் வீடு வாங்கிக் குடியேறலாமா? முன்கூட்டியே என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

தாராளமாக வாங்கலாம். நாங்கள் 2023 ஜூலையில் ரீடிங்கை ஒட்டிய லோயர் எர்லியில் வாங்கினோம், நிம்மதியாக இருக்கிறோம். ஆனால் வீடு பார்க்கக் கிளம்பும் முன் ஊருக்கு ஒரு போன் போட்டு, அங்கே எந்த வீட்டுப் பத்திரத்திலாவது உங்கள் பெயரோ உங்கள் துணையின் பெயரோ இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். இதைக் கேட்காமல் இறங்கியதில் எங்களுக்கு 8,250 பவுண்டு போனது.

உங்கள் கேள்வியைப் பார்த்தால் நீங்களும் எங்களைப் போலத்தான் என்று நினைக்கிறேன். ஐ.டி. வேலை, நாலைந்து வருடமாக வாடகை வீடு, பள்ளிக்குப் போகப்போகும் ஒரு குழந்தை, கஷ்டப்பட்டுச் சேர்த்த டெபாசிட். இல்லை என்றால் மன்னிக்கவும், அப்படி வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

முதலில் ஊரைப் பற்றி. லோயர் எர்லி 1977இல் தொடங்கி எண்பதுகள் முழுக்கத் தனியார் பில்டர்கள் கட்டிய குடியிருப்பு. சிவப்புச் செங்கல், கையளவு முன்தோட்டம், இன்றைய கார் நுழையாத கராஜ். நம் தெருவுக்குள் யாரும் குறுக்கே புகுந்து போக முடியாத முட்டுச்சந்துகள் ஏராளம். எங்கள் சந்தில் மொத்தம் 11 வீடு. விலாசத்தில் ரீடிங் என்று இருந்தாலும் கவுன்சில் வோக்கிங்ஹாம். கவுன்சில் வரி, குப்பை எல்லாம் அவர்களிடம்தான், பள்ளி அட்மிஷனுக்கும் அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். புதிதாக வருபவர்கள் ரீடிங் கவுன்சில் பக்கத்தில் தேடிக்கொண்டிருப்பார்கள். தெற்கு ஓரத் தெருக்களில் எம்4 நெடுஞ்சாலையின் இரைச்சல் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள், வேலைநாள் சாயங்காலம் ஒருமுறை போய்த் தோட்டத்தில் நின்று கேளுங்கள். ரீடிங் ஸ்டேஷன் வரை 21ஆம் நம்பர் பஸ். லண்டனுக்கு எலிசபெத் லைனும் இருக்கிறது. அதில் லண்டன் பாடிங்டன் ஸ்டேஷன் போக நேரம் அதிகம் பிடிக்கும்.

இனி வாங்கும் கதை. நம் ஊரில் விலை பேசி அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமெண்ட் போட்டால் பேச்சு முடிந்தது. இங்கே விற்பவர் உங்கள் விலைக்குச் சரி என்று சொன்ன பிறகும் யாரையும் எதுவும் கட்டுப்படுத்தாது. வழக்கமாகப் பத்து சதவீதம் கட்டி ஒப்பந்தங்களை எக்ஸ்சேஞ்ச் செய்யும் நாள் வரை அவரும் விலகலாம், நீங்களும் விலகலாம். இடையில் இன்னொருவர் கூடுதல் விலை சொன்னால் அவருக்குக் கொடுத்துவிடவும் சட்டத்தில் தடை இல்லை. ஸ்காட்லாந்தில் முறையே வேறு, இங்கிலாந்தில் இதுதான். எங்களுக்கு விற்றவர் கணவரை இழந்த ஒரு வயதான அம்மா. மகள் இருக்கும் ஊருக்கு அருகே அவரும் ஒரு வீடு வாங்கிக்கொண்டிருந்தார், அதை விற்பவர் இன்னொன்றை வாங்கிக்கொண்டிருந்தார். மூன்று வீட்டுச் செயின். பிப்ரவரியில் 4,15,000 பவுண்டுக்கு விலை பேசினோம், ஜூன் வரை எக்ஸ்சேஞ்ச் நடக்கவில்லை. அதற்குள் பேங்க் ஆஃப் இங்கிலாந்து வட்டியை 4 சதவீதத்திலிருந்து 5க்கு ஏற்றிவிட்டது. எங்கள் கடன் ஆஃபர் காலாவதியானால் புது வட்டிக்குப் போக வேண்டும். அந்த மாதங்களில் நானும் என் மனைவியும் ஒழுங்காகத் தூங்கியதில்லை.

அந்த நேரத்தில்தான் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் பத்திர வேலையைப் பார்த்த சொலிசிட்டரிடமிருந்து (வக்கீல்) ஸ்டாம்ப் டூட்டிக்கான, அதாவது வீடு வாங்குபவர் அரசுக்குக் கட்டும் வரிக்கான, கேள்விப் படிவம் வந்தது. குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே என் மனைவி ஒவ்வொன்றாக வாசித்தாள், நான் லேப்டாப்பில் டிக் போட்டேன். ஐந்தாவதோ ஆறாவதோ கேள்வியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “உலகத்தில் எங்காவது நீங்கள் இதற்கு முன் வீட்டுச் சொத்து வைத்திருந்தது உண்டா?”

கும்பகோணத்து வீடு. 2014இல் அப்பா எனக்கும் அக்காவுக்கும் பாதிப் பாதியாகச் செட்டில்மெண்ட் எழுதிவைத்தார். நான் ரெஜிஸ்டர் ஆபீஸில் போட்டோ எடுத்து, கைரேகை வைத்து, மத்தியானம் அவரோடு சாப்பிட்டுவிட்டு ரயிலேறினேன். அதன் பிறகு அதை ‘என் வீடு’ என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அது அப்பா வீடு. அப்பா 2019இல் போய்விட்டார், இப்போது அம்மா வீடு. கடன் புரோக்கர் முதலில் கேட்டபோது ‘முதல்முறை வாங்குபவர்’ என்று நான் சொன்னதில் பொய் இல்லை, அப்படித்தான் நம்பினேன்.

சட்டம் வேறு மாதிரி பார்க்கிறது. அன்றைய விதிப்படி முதல்முறை வாங்குபவருக்கு 4,25,000 வரை வரியே கிடையாது. ஆனால் வாங்குபவர்களில் ஒருவருக்கு எந்த நாட்டில் எப்போதாவது வீட்டில் பங்கு இருந்திருந்தாலும், அது வாரிசாக வந்த பங்கானாலும், அந்தச் சலுகை இருவருக்கும் இல்லை. எங்கள் வீட்டுக்கு 2,50,000க்கு மேற்பட்ட 1,65,000 மீது 5 சதவீதம், அதாவது 8,250 பவுண்டு. இதைவிடப் பெரிய ஆபத்து பின்னால் நின்றது. ஊரில் இருக்கும் உங்கள் பங்கின் மதிப்பு 40,000 பவுண்டோ அதற்கு மேலோ இருந்தால், இங்கே வாங்குவது ‘இரண்டாவது வீடு’ ஆகிவிடும். மொத்த விலை மீது அன்று இன்னும் 3 சதவீதம், எங்கள் கணக்கில் 12,450. இந்தக் கூடுதல் வரிக்குக் கணவன், மனைவி யார் பெயரில் சொத்து இருந்தாலும் ஒன்றுதான். வாரிசாக வந்த பாதிப் பங்கோ அதற்குக் குறைந்த பங்கோ என்றால் மூன்று வருடம் வரை இந்தக் கணக்கில் சேராது. எனக்கு வந்தது அப்பா உயிரோடு இருந்தபோது எழுதிய செட்டில்மெண்ட், வருடமும் ஒன்பதாகிவிட்டது. அந்த விலக்கு எனக்குப் பொருந்தவில்லை.

அக்காதான் காப்பாற்றினாள். ஒரு இன்ஜினீயரை அழைத்துப்போய் வீட்டை அளந்து மதிப்பீட்டுச் சான்று வாங்கி அனுப்பினாள். மொத்தம் 68 லட்சம், என் பாதி 34 லட்சம். அன்றைய மாற்று விகிதத்தில் சுமார் 33,000 பவுண்டு. கூடுதல் வரி இல்லை. 8,250 மட்டும் கட்டியே ஆக வேண்டும். புது பாய்லருக்கும் சமையலறைக்கும் ஒதுக்கியிருந்த பணம் அப்படியே போனது. என் மனைவி பெயரில் மட்டும் வாங்கலாமா என்று கேட்டுப் பார்த்தோம். எங்கள் வங்கி, இருவர் சம்பளத்தில் கடன் என்றால் பத்திரத்திலும் இருவர் பெயர் வேண்டும் என்றது.

இப்போது விதிகள் இன்னும் இறுகிவிட்டன. 2025 ஏப்ரலிலிருந்து முதல்முறை வாங்குபவருக்கு 3,00,000 வரைதான் வரி இல்லை, விலை 5,00,000ஐத் தாண்டினால் சலுகையே கிடையாது. இரண்டாவது வீட்டுக் கூடுதல் வரி 2024 அக்டோபர் கடைசியிலிருந்து 5 சதவீதம். அதே 4,15,000க்கு இன்று முதல்முறை என்றால் 5,750, இல்லை என்றால் 10,750, இரண்டாவது வீடு என்றால் 31,500. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இதை எங்கே சொன்னாலும் இரண்டு விதமான பேச்சு வரும். ஒன்று, “கும்பகோணத்தில் இருப்பது லண்டனில் இருப்பவனுக்கு எப்படித் தெரியும், வாயை மூடிக்கொண்டு டிக் போட வேண்டியதுதானே?” ஒரு நெருங்கிய நண்பரே சொன்னார். வரித் துறைக்குக் கொடுக்கும் உறுதிமொழியில் தெரிந்தே பொய் எழுத என்னால் முடியாது. என்றாவது பிடிபட்டால் வரியோடு வட்டியும் அபராதமும் வரும், அதைவிட ஒவ்வொரு கடிதம் வரும்போதும் நெஞ்சு படபடக்கும். அந்த வாழ்க்கை எனக்கு வேண்டாம். இன்னொன்று, “அப்பா சொத்துக் கொடுத்ததைக் குறை சொல்கிறாயா?” என்று கேட்பவர்கள். இல்லவே இல்லை. ஆயுள் முழுக்க ஓடாய்த் தேய்ந்து கட்டியதைப் பெண்ணுக்கும் பையனுக்கும் சமமாக எழுதிய மனிதர் அவர். குறை என்னுடையது, படிக்காமல் கைரேகை வைத்தவன் நான். பங்கை இப்போது அக்காவுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தாலும் ‘முதல்முறை’ திரும்ப வராது. ஒருமுறை இருந்தால் இருந்ததுதான்.

வாடகை வீட்டைப் பற்றியும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும், கேள்வியில் இல்லைதான். நாங்கள் காலி செய்தபோது அந்த லெட்டிங் ஏஜென்ட், கிச்சன் மேடையில் மஞ்சள் கறை, வீடு முழுக்க ‘சமையல் வாசனை’ என்று டெபாசிட்டில் 640 பவுண்டு பிடித்தார். மேடையில் இருந்தது ஒரு ரூபாய் நாணயம் அளவு கறை. உள்ளே வந்த முதல் நாள் எடுத்த போட்டோக்கள் என் மனைவியிடம் இருந்தன. டெபாசிட் பாதுகாப்புத் திட்டத்தில் இலவசமாகத் தகராறு பதிவு செய்யலாம், செய்தோம். 560 திரும்ப வந்தது. நம்மவர்கள் பலர் “போனால் போகட்டும்” என்று விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். நம் வீட்டுச் சாம்பார் வாசனை சேதாரம் அல்ல.

சரி, வீட்டுக்கு வருகிறேன். வாங்கும் முன் வீட்டின் நிலையைப் பார்த்து அறிக்கை தரும் லெவல் 2 சர்வே எடுங்கள், மிச்சம் பிடிக்க வேண்டாம். கராஜ் கூரைப் பலகையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்று எங்கள் சர்வேயர் எழுதியதால், அங்கே துளை போடாமல் முதலில் பரிசோதித்தோம்.

சாவி வாங்கி உள்ளே போனபோது சமையல் மேடையில் வீட்டை விற்ற அந்த அம்மா ஒரு தாள் வைத்திருந்தார். நடுங்கும் கையெழுத்து. குப்பை எந்தக் கிழமை, தண்ணீர் வால்வு படிக்கட்டுக்கு அடியில், பின்பக்கத்து பிளம் மரம் ஆகஸ்டில் பழுக்கும், எதிர் வீட்டுக்காரரிடம் மாற்றுச் சாவி ஒன்று எப்போதும் இருக்கட்டும். அப்படியே செய்தோம். அடுத்த மாதம் பழம் பறித்து 10 வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தாள் என் மனைவி. இரண்டு வீட்டிலிருந்து ஜாமாகத் திரும்ப வந்தது.

என் அம்மாவுக்கு மட்டும் இந்த 8,250 கதை இன்னும் தெரியாது. இன்ஜினீயர் டேப்போடு வந்த அன்று “எதுக்குடி வீட்டை அளக்கறாங்க?” என்று கேட்டிருக்கிறார். பாங்க் லோனுக்கு என்று அக்கா சொல்லிவிட்டாள். அப்பா எழுதிவைத்ததால்தான் எனக்குச் செலவு வந்தது என்று அவர் காதில் விழக் கூடாது. எங்கள் உறவினர் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து அங்கே சொல்லிவிடாதீர்கள்.