ஏஜெண்டிடம் பணம் கட்டும் முன்

அன்புள்ள அண்ணா,

என் ஊர் மலேசியாவின் சுங்கை சிப்புட். மருத்துவம் நான்காம் ஆண்டு படிக்கிறேன். எலெக்டிவை, அதாவது நாமே இடம் தேர்ந்தெடுத்துச் செய்யும் சில வார மருத்துவமனைப் பயிற்சியை, அமெரிக்காவில் செய்ய ஆசை. சிகாகோவில் ஒரு தனியார் கிளினிக்கில் நான்கு வாரம் இடம் வாங்கித் தருவதாக ஓர் ஏஜெண்டு சொல்கிறார். செம்பனைத் தோட்டத்தில் அம்மா உழைத்துச் சேர்த்த பணம். கட்டலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

கட்டாதே. அங்கே நோயாளியைத் தொட்டுப் பார்க்க விடுவார்களா என்று முதலில் கேள். ஓரமாக நின்று வேடிக்கை பார்க்க அம்மாவின் பணம் வேண்டாம். வயிற்றை அழுத்திப் பார்த்து, குறிப்பு எழுதி, காலை ரவுண்டில் நீயே கேஸைச் சொல்ல வேண்டும். பிற்பாடு ரெசிடென்சிக்கு, அதாவது டாக்டரான பின் அங்கே செய்யும் மேற்பயிற்சிக்கு, முயலும்போது, அதைக் கண்ணால் பார்த்த டாக்டர் தரும் கடிதத்துக்குத்தான் மதிப்பு.

அடுத்தது விசா. எலெக்டிவுக்கென்று தரும் பி-1 விசா, அமெரிக்க மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் சம்பளமில்லாமல் செய்வதற்குத்தான். தனியார் கிளினிக் அதில் அடங்காது. "சுற்றிப் பார்க்க வந்தேன்னு சொல்லிடுங்க" என்று ஏஜெண்டு சொன்னால் எழுந்து வந்துவிடு. விசா அதிகாரியிடம் சொல்லும் பொய் பிற்காலத்தில் உன் வழியையே அடைத்துவிடும்.

நேராக உன் டீன் ஆபிசுக்குப் போ. வெளி மாணவர்கள் எலெக்டிவுக்கு விண்ணப்பிக்க அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் நடத்தும் விஎஸ்எல்ஓ என்ற திட்டத்தில் உங்கள் கல்லூரி சேர்ந்திருக்கிறதா என்று கேள். சேர்ந்திருந்தால் அதன் வழியாக விண்ணப்பிக்கலாம். இல்லையென்றால் நேரடி விண்ணப்பம் வாங்கும் பல்கலைக்கழகங்களைத் தேடு.

ஒரு வருஷம் முன்பே தொடங்கு. அங்குள்ள மருத்துவமனை கேட்கும் தடுப்பூசிப் பேப்பர்தான் இழுத்தடிக்கும். ஹெபடைடிஸ் பி எதிர்ப்புச் சக்தி ரத்தத்தில் குறைவாக இருந்து மறுபடி மூன்று ஊசி போட வேண்டி வந்தால், அதற்கே ஆறு மாதம் ஆகும். உன் தோளில் காசநோய்த் தடுப்பூசியான பிசிஜியின் தழும்பு இருக்கும், பார். அதனால் கையில் ஊசி போட்டுப் பார்க்கும் மான்டூ சோதனை, காசநோய்க் கிருமி இல்லாமலே தடித்துக் காட்டலாம். அந்த மருத்துவமனை ஏற்றுக்கொண்டால், அதற்குப் பதில் ஐக்ரா என்ற காசநோய் ரத்தப் பரிசோதனை செய்துகொள். பிசிஜியால் அது குழம்பாது.

அமெரிக்காவுக்குப் பதில் பிரிட்டன் போக நம் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டாம், ஈடிஏ என்ற ஆன்லைன் முன் அனுமதி போதும், அலைச்சல் குறைவு. ஆனால் விசிட்டராகப் போகிறவர் சிகிச்சையில் கை வைக்கக் கூடாது.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் மருந்தென்று கொடுத்த கலர் தண்ணியை வாங்கிக் குடித்த தோட்டத்து ஜனங்களின் பிள்ளை நீ. இவ்வளவு தூரம் வந்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! டீன் ஆபிசில் என்ன சொன்னார்கள் என்று எழுது. விண்ணப்பக் கடிதத்தை அனுப்பினால் திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்