கடலோர உயிரின வரைபட வேலை: விலங்கியல் மாணவியின் பெற்றோருக்கு

கடலில் எண்ணெய் கசிந்தால் எந்தக் கரைக்கும் எந்த உயிரினத்துக்கும் பாதிப்பு அதிகம் என்று காட்டும் வரைபடம் தயாரிப்பதுதான் இந்த வேலை. இந்த எண்ணெய்க் கசிவு வரைபட வேலையை நம்பி மகள் முதுகலை சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சேரலாம். ஆனால் விலங்கியல் பட்டம் மட்டும் கைகொடுக்காது. பறவையை இனம் காணவும் தெரிந்து, ஜிஐஎஸ் (இடம் சார்ந்த தரவை வரைபடமாக்கும்) மென்பொருளும் கைவந்தவர்களைத்தான் இந்தத் துறை தேடுகிறது.

கசிவு நடந்தால், எண்ணெய் பரவாமல் தடுக்கும் மிதவைகளை முதலில் எங்கே போடுவது என்று சில மணி நேரத்தில் முடிவெடுத்தாக வேண்டும். அப்போது வரைபடம் தயாராக இருக்க வேண்டும். 1979இல் மெக்சிகோ வளைகுடாவின் இக்ஸ்டாக் எண்ணெய்க் கிணறு கசிந்து, அந்த எண்ணெய் அமெரிக்காவின் டெக்சாஸ் கரையை நெருங்கியபோது அவசரமாக வரைந்த வரைபடங்கள்தான் இதன் முன்னோடி. அமெரிக்காவின் கடல், வளிமண்டல அமைப்பான நோவா பின்பற்றும் முறையில் கரைக்கு 1 முதல் 10 வரை எண் உண்டு; எண் கூடக்கூட எண்ணெயால் பாதிப்பும் கூடும். அலை மோதும் பாறை 1, நுண்மணல் 3, அலையாத்திக் காடு 10. பாறையை அலையே கழுவிவிடும். அலையாத்திச் சேற்றில் புகுந்த எண்ணெய் ஆண்டுக்கணக்கில் தங்கும். அள்ளப் போனால் காலடி பட்டு இன்னும் ஆழத்துக்கு இறங்கும்.

இந்த எண்களை மட்டும் நம்பினாலும் ஆபத்துதான். மணற்கரைக்கு 3 என்றாலும், ஆமை முட்டையிடும் மாதங்களில் அதற்குத்தான் முன்னுரிமை. துப்புரவு இயந்திரமே முட்டைக்குழியை நசுக்கிவிடும். அதனால் இனம், எண்ணிக்கை, வாழ்நிலை, மாதம் நான்கும் பதிவாக வேண்டும்.

மகள் இப்போதே கியூஜிஐஎஸ்ஸில் (இலவச ஜிஐஎஸ் மென்பொருள்தான்) 10 கி.மீ. கரையைச் செய்து பார்க்கட்டும். செயற்கைக்கோள் படத்தின் மேல் கரைக்கோட்டை வரைந்து, தன்மை மாறும் இடமெல்லாம் வெட்டி எண் கொடுக்க வேண்டும். உயிரினங்களுக்குத் தனி அடுக்கு. அதன் அட்டவணையில் மாதத்துக்கொன்றாக 12 பத்திகள், கூடவே தரவு வந்த இடமும் தேதியும்.

சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்: அட்சரேகை-தீர்க்கரேகை அளவிலேயே பரப்பைக் கணக்கிடுவது (மீட்டரில் அளக்கும் யூடிஎம் வரைபட முறைக்கு மாற்றிவிட்டுக் கணக்கிட வேண்டும்), 'இல்லை' என்பதையும் 'போய்ப் பார்க்கவில்லை' என்பதையும் ஒரே வெற்றுக் கட்டமாக விடுவது, ஓதம் ஏறியபோது மட்டும் பறவை எண்ணுவது. ஏற்றத்தில் உள்ளான்கள் (கரையோரச் சேற்றில் மேயும் பறவைகள்) மேட்டில் கூட்டமாக ஒதுங்கும், வற்றத்தில் சேற்றுவெளி முழுக்கப் பரவி மேயும். ஒன்றை விட்டால் பாதி வரைபடம் பொய்.

துறைமுகங்கள், சூழல் ஆலோசனை நிறுவனங்கள், கடலோர அரசுத் துறைகள் ஆளெடுக்கும். தொடக்கத்தில் பெரும்பாலும் ஒப்பந்த வேலைதான். அதற்கு வீட்டில் தயாராக இருங்கள். முதுகலையில் ஜிஐஎஸ், புள்ளியியல் இரண்டும் பாடமாக இருக்கிறதா என்று சேரும் முன்பே பாடத்திட்டத்தைப் பார்த்துவிடுங்கள்.